கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும் வேலை

கேள்வி: அக்கா, நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் புதுக்குடியிருப்பு. இப்போது பம்பைமடுவில் விடுதியில் இருக்கிறேன். அப்பா இல்லை, அம்மா தையல் தைத்துத்தான் குடும்பத்தைப் பார்க்கிறார். தம்பி அடுத்த முறை சாதாரண தரம் எழுதுகிறான். மகாபொலப் புலமைப்பரிசில் காசு சாப்பாட்டுக்கும் போட்டோக்கொப்பிக்குமே சரியாகிவிடுகிறது. மாதம் ஒரு பத்தாயிரம் உழைத்தால் தம்பியின் ரியூசன் செலவையாவது நான் ஏற்பேன். பஜார் வீதியில் ஒரு புடவைக்கடையில் பின்னேரம் 4 மணியில் இருந்து இரவு 8.30 வரை நிற்கக் கேட்கிறார்கள், நாளுக்கு 600 ரூபா. அறையில் என்னோடு இருக்கும் பிள்ளை, 35,000 ரூபா கட்டி ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால் வீட்டில் இருந்தபடியே உழைக்கலாம் என்று கூட்டத்துக்கு வரச்சொல்கிறாள். எதற்குப் போவது? நான் வேலைக்குப் போவது அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவார்.
— ஒரு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் வருடத்திலேயே வீட்டுப் பாரத்தில் ஒரு பக்கத்தைத் தூக்க நினைக்கிறீர்கள். அந்த நினைப்பு நல்லது. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு வழியும் உங்களுக்குச் சரிவராது. ஏன் என்று சொல்லிவிட்டு, சரிவரக்கூடியதைச் சொல்கிறேன்.

புடவைக்கடையை முதலில் எடுப்போம். நாளுக்கு 600 என்றால் மாதம் 26 நாளைக்கு 15,600. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு கொப்பித் தாளை எடுத்து மணித்தியாலக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலரை மணித்தியாலத்துக்கு 600, ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு 133 ரூபா. 2026 தை மாதத்தில் இருந்து இலங்கையில் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 150 வருகிறது. அதற்கும் கீழேதான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதோடு முடியவில்லை. பம்பைமடுவில் இருந்து மன்னார் வீதியால் பஜாருக்குப் போக பஸ் காசும் நேரமும் வேண்டும். 4 மணிக்குக் கடையில் நிற்க வேண்டுமென்றால் 3 மணிக்கே வளாகத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். பின்னேர விரிவுரை இருக்கும் நாளில் என்ன செய்வீர்கள்? இரவு எட்டரைக்குப் பிறகு அந்த வீதியில் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. ஓட்டோவுக்கு என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 600 உழைத்துவிட்டு, அதைவிடக் கூடக் கொடுத்து விடுதிக்கு வர வேண்டியிருக்கும். விடுதிக் கதவு பூட்டும் நேரம் வேறு இருக்கிறது.

பகுதிநேர வேலை தேடி என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் மாதம் எவ்வளவு வரும் என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நேரத்தில் இருந்து திரும்பி வந்து திறக்கும் நேரம் வரை எத்தனை மணித்தியாலம், செலவு போக அதற்கு எவ்வளவு மிச்சம் என்று. கொழும்பில் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கும் பஸ் எடுக்கலாம். எங்கள் வன்னியில் தூரமும் இருட்டும் சம்பளத்தைத் தின்றுவிடும். உங்களுக்கு ஏற்ற வேலை சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே முடிவதாக இருக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் தோழி சொல்லும் கூட்டம். இதை விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. நல்ல பிள்ளைகள் பலர் இதில் விழுந்து, வெளியே சொல்லவும் முடியாமல் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை கொடுப்பவர் உங்களுக்குக் காசு தருவார். உங்களிடம் காசு கேட்பவர் வேலை தருபவர் இல்லை. 35,000 கட்டியதும் ஒரு பெட்டியில் சத்துமாவோ மணிக்கூடோ ஏதோ ஒன்று தருவார்கள். பிறகு உங்களுக்குக் கீழே ஐந்து பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். நீங்கள் வியாபாரம் படிக்கும் பிள்ளை, பெருக்கிப் பாருங்கள்: 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125. எட்டாவது படியில் 390,625. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் வவுனியா மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே சுமார் 172,000. பிறந்த குழந்தையையும் படுக்கையில் கிடக்கும் கிழவியையும் சேர்த்தாலும் எட்டாவது படிக்கு ஆள் போதாது. ஆகவே கடைசியில் சேர்ந்தவர்கள் காசை இழக்கத்தான் வேண்டும். அந்தக் கடைசி ஆட்கள் உங்கள் மச்சாளாகவோ ஊரில் உங்களோடு படித்த பிள்ளையாகவோ இருப்பார்கள், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்த ஆட்களைத்தான் நீங்கள் கூப்பிடுவீர்கள்.

இப்படிப்பட்ட பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. நடத்துவது மட்டுமல்ல, தெரிந்துகொண்டு ஆள் சேர்ப்பதும் குற்றம். மத்திய வங்கி பல வருடங்களாக இதைப்பற்றி எச்சரித்து வருகிறது. உங்கள் தோழி கெட்ட பிள்ளை இல்லை. கட்டிய காசை மீட்க அவளுக்கு ஆள் வேண்டியிருக்கிறது, அதுதான் உங்களைக் கூப்பிடுகிறாள். அவளோடு சண்டை பிடிக்காதீர்கள். மேலே உள்ள பெருக்கலை அவளோடு இருந்து போட்டுக் காட்டுங்கள்.

வட்ஸ்அப்பிலும் ரெலிகிராமிலும் வரும் ‘வீடியோவுக்கு லைக் போடுங்கள், காசு தருகிறோம்’ என்ற செய்தியும் இதே வகைதான். முதல் இரண்டு நாள் சில நூறு ரூபா உண்மையாகவே வரும். மூன்றாம் நாள் பெரிய வேலை எடுக்க முற்பணம் கட்டச் சொல்வார்கள். இன்னும் மோசமானது, ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் தாருங்கள், கொமிசன் தருகிறோம்’ என்று கேட்பது. மற்றவரிடம் ஏமாற்றி எடுத்த காசு உங்கள் பெயரால் போகும், பொலிஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

சரி, என்னதான் செய்யலாம்?

உங்கள் நிலையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு நான் முதலாவதாகச் சொல்வது சின்ன வகுப்புக் கணிதம். ரியூசன் என்றதும் உயர்தரம், சாதாரண தரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பெரிய சேர்மார் இருக்கிறார்கள், மண்டபம் நிறையப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் தரம் 6 தொடக்கம் 9 வரை படிக்கும் பிள்ளைகளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பரீட்சை இல்லை என்று பெற்றோரும் விட்டுவிடுவார்கள். பத்தாம் ஆண்டில் கணிதம் விளங்கவில்லை என்று அழும் பிள்ளைக்கு ஏழாம் ஆண்டிலேயே ஏதோ ஒன்று அறுந்திருக்கும்.

எங்கள் அயலில் எட்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெடியன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே இருந்ததை மேலே கூட்டி, கீழே இருந்ததைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினான். பிழை என்று சொல்லாமல், கடையில் இருந்து ஒரு றாத்தல் பாண் எடுப்பித்து ஐந்து துண்டாக்கி இரண்டைத் தனியே வைத்தேன். “உன்னட்ட அரை றாத்தல் இருக்குது, நான் இன்னும் கொஞ்சம் தாறன். இப்ப உன்னட்ட இருக்கிறது அரையவிடக் கூடவா, குறையவா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்த இரண்டு துண்டையும் பார்த்தபடி இருந்தான். பிறகு தானே அழிறப்பரை எடுத்தான். இதைச் செய்யப் பெரிய பட்டம் தேவையில்லை. பொறுமையும், ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காத கட்டுப்பாடும் இருந்தால் போதும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். பம்பைமடுவிலோ நெளுக்குளத்திலோ உள்ள ஒரு சனசமூக நிலையம் அல்லது முன்பள்ளிக் கட்டடத்தைப் பாருங்கள். சனி, ஞாயிறில் இவை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். தலைவரிடம் நேரில் போய், உங்கள் மாணவர் அடையாள அட்டையைக் காட்டி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கிராம அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ‘வளாகத்தில் படிக்கிற பிள்ளை’ என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்களில் இன்றும் மதிப்பு இருக்கிறது. சனி காலை ஒரு பிரிவு, ஞாயிறு பின்னேரம் இன்னொரு பிரிவு, மூன்று மூன்று மணித்தியாலம். ஞாயிறு காலையைத் தொடாதீர்கள், அது கோயிலுக்கும் அறநெறி வகுப்புக்கும் உரிய நேரம், பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,000 என்று வைத்தாலே பத்தாயிரம் வந்துவிடும். மாதத்தில் ஏறத்தாழ 26 மணித்தியாலம், ஆகவே மணித்தியாலத்துக்கு 380 ரூபாவுக்கு மேல். புடவைக்கடையில் இதே பத்தாயிரத்துக்கு 75 மணித்தியாலம் காலில் நிற்க வேண்டும்.

காசு விஷயத்தில் ஒன்று. மாதத் தொடக்கத்தில் பெயர் எழுதிய கடித உறை கொடுத்துவிடுங்கள், போட்டு அனுப்புவார்கள். வாய்விட்டுக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தால் மூன்று மாதம் சும்மா படிப்பித்துவிட்டுக் கைவிட்ட பிள்ளைகள் நிறையப் பேர். கட்ட முடியாத வீடு ஒன்றோ இரண்டோ இருக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளையை நிற்பாட்டாதீர்கள், ஆனால் முதலிலேயே தாயிடம் பேசி நீங்களாகவே விட்டுக்கொடுங்கள்.

இரண்டாவது வழி தட்டச்சு. வளாகத்துக்குப் பக்கத்திலும் குருமன்காட்டுப் பக்கத்திலும் உள்ள, போட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்து கொடுக்கும் கொமினிக்கேசன் கடைகளில் வேகமாகத் தமிழ் அடிக்கத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. நானும் படிக்கிற காலத்தில் இப்படி ஒரு கடையில்தான் பின்னேரம் இருந்தேன். இப்போது எல்லோரும் பாவிக்கும் யூனிகோட் முறை மட்டும் தெரிந்தால் போதாது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கவும் தெரிய வேண்டும். பழைய கோப்புகள் நிறைய பாமினியில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். பார்த்தவர் கோப்பு பழுது என்று நினைத்துவிடுவார். எழுத்துருவைப் போட்டு, யூனிகோடுக்கு மாற்றி, மாறும்போது விழுந்த பிழைகளைத் திருத்திக் கொடுக்கத் தெரிந்தால் கடைக்காரர் உங்களை விடமாட்டார்.

அந்தக் கடையில் நான் கற்றது தட்டச்சை மட்டுமல்ல. ஒருநாள் ஒரு ஐயா சொப்பிங் பையில் சுற்றிய கடிதக்கட்டோடு வந்தார். காணி அனுமதிப் பத்திரம் பற்றிப் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் சொன்ன கதை முப்பது வருடத்துக் கதை, மூன்று இடப்பெயர்வு. அதில் இருந்து ஒரு பக்கத்துக்குள் எது வேண்டும் என்று பிரித்து எழுத எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பிறகு ஆட்கள் தட்டச்சுக்கு என்று இல்லாமல், கடிதம் எழுதுவிக்க என்றே என்னைத் தேடி வந்தார்கள். இன்று நான் செய்யும் வேலைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அதே காலத்தில் வேறொரு கடையில் மூன்று மாதம் வேலை செய்து, கடைசி மாதச் சம்பளம் கிடைக்காமல் போனதும் உண்டு. “நாளைக்கு வாரும், நாளைக்கு வாரும்” என்று அலைக்கழித்தார்கள். என் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. எத்தனை நாள் வந்தேன் என்று என்னாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் சொல்கிறேன், எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். திகதி, வந்த நேரம், போன நேரம், பெற்ற காசு. கிழமைக்கு ஒருமுறை முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். கடை, அலுவலகங்களில் வேலைக்கு எடுப்பவர் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தற்காலிகமாக வேலை செய்பவருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். சின்னக் கடைகளில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். என்றாலும் உங்கள் உரிமை எது என்று தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் போவது வேறு. சம்பளம் தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், செலவில்லை. அப்போது அந்தக் கொப்பிதான் பேசும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. காலபோக நெல்லு வெட்டும் மாசி, பங்குனியில் விடுமுறை விழுந்தால், நெல் வாங்குபவர்களுக்கு மூடைக் கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் தேவைப்படும். ஆலைகளிலும் அப்படித்தான். நீங்கள் வியாபாரம் படிக்கும் பிள்ளை. எந்த வயல், எத்தனை மூடை, என்ன விலை, எவ்வளவு முற்பணம், எவ்வளவு பாக்கி என்று எக்செல்லில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த போகத்துக்கு அவர்களே போன் எடுப்பார்கள். பட்டம் முடித்து வேலைக்கு நேர்முகம் போகும்போது இந்த அனுபவத்தைச் சொல்லலாம், புடவை மடித்ததைவிடப் பெறுமதி.

தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஊர்களில் தரவு சேகரிக்க மாணவர்களை நாட்சம்பளத்துக்கு எடுப்பதுண்டு. உங்கள் வளாகத்துத் தொழில் வழிகாட்டல் அலகிலும், துறைத் தலைவரிடமும் பெயரைக் கொடுத்து வையுங்கள். அந்த வேலைக்குப் போனால் ஒன்றை மறக்காதீர்கள்: எங்கள் சனம் 2009க்குப் பிறகு நிரப்பாத படிவம் இல்லை. கதவைத் திறக்கும் அம்மாவுக்கு இது பத்தாவது கணக்கெடுப்பாக இருக்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாமல் நன்றி சொல்லி வாருங்கள், உங்கள் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

இணையத்தில் வெளிநாட்டு வேலை எடுப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது உண்மையான வழிதான், ஆனால் பெயர் எடுக்க மாதக்கணக்கு ஆகும். இந்த செமஸ்ரர் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

படிப்பு கெடுமா என்ற பயம் உங்கள் கடிதத்தில் எழுத்தில் இல்லாவிட்டாலும் தெரிகிறது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும். 15 கிழமை செமஸ்ரரில் கிழமைக்கு ஒரு விரிவுரை என்றால் பன்னிரண்டுக்கு இருந்தாக வேண்டும், மூன்றுதான் விடலாம். அந்த மூன்றையும் காய்ச்சலுக்கும் வீட்டில் ஒரு அவசரத்துக்கும் சேமித்து வையுங்கள். வேலைக்கு என்று ஒன்றையும் செலவழிக்காதீர்கள். கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஏற்காதீர்கள். பரீட்சைக்கு முன் இரண்டு கிழமை வகுப்பு இல்லை என்று பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவில் இருந்து 7,500 ஆகக் கூட்டப்பட்டது உதவிதான், ஆனால் அது சொன்ன திகதிக்கு வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாதம் பிந்தினாலும் சமாளிக்க, வகுப்புக் காசில் முதல் இரண்டாயிரத்தை எடுக்காமல் வையுங்கள். சேமலாப நிதி பிடிக்கும் வேலை எதிலாவது கையெழுத்துப் போட முன், மகாபொலவுக்கு ஏதும் பாதிப்பு வருமா என்று நலன்புரிப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு மறைக்காதீர்கள். புதுக்குடியிருப்பில் இருந்து வவுனியா தூரமாக இருக்கலாம், செய்தி போவதற்குத் தூரமில்லை. வேறு யாரோ சொல்லிக் கேட்டால்தான் அம்மா அழுவார். அவருக்கு என்ன பயம்? பிள்ளை இரவில் றோட்டில் நிற்கும், கடையில் யாரும் ஏதும் சொல்வார்கள், படிப்பு போய்விடும். சனி, ஞாயிறில் சனசமூக நிலையத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பயம் ஒன்றுக்கும் அதில் இடமில்லை. முடிந்தால் ஒருநாள் அம்மாவைக் கூட்டிவந்து வகுப்பு நடக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

தம்பியின் ரியூசன் செலவு பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லாப் பாடத்துக்கும் அவனை அனுப்பத் தேவையில்லை. கணிதத்தை நீங்களே பாருங்கள். கிழமையில் இரண்டு இரவு, கடந்தகால வினாத்தாளில் பகுதி இரண்டில் ஒரு கேள்வியை அவன் செய்து போனில் படம் எடுத்து அனுப்பட்டும். நீங்கள் சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். அதற்குப் போகும் டேட்டாக் காசு ஒரு வகுப்புக் கட்டணத்தில் கால்வாசியும் வராது. மிஞ்சும் காசுக்கு அவனை ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள்.